காப்பியில் என்ன கலந்திருக்கிறது: தாமஸ் வேக்லியின் வாழ்க்கை

எங்கள் வீட்டில் காலையில் வடிகட்டியில் இறங்கும் காப்பிக்கான தூளை அம்மா லிட்டில் இந்தியாவில் வாங்குவார். பொட்டலத்தின் பின்பக்கம், காப்பி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை விழுக்காடு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பொட்டலத்தைக் கத்தரித்து டப்பாவில் கொட்டுவது சிறுவயதிலிருந்தே என் வேலை. ஆனாலும் அந்த வரியை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. சென்ற பருவத்தில்தான் படித்தேன். அதற்குக் காரணம் 1862இல் இறந்துபோன ஓர் ஆங்கிலேய மருத்துவர்.

நான் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாடாளுமன்றக் கேள்வி நேரத்தின் காணொளிகளைப் பார்த்து, அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்று எப்படி விதிமுறையாக மாறுகிறது என்று எழுதும்படி ஒரு பாடத்தில் ஒப்படைப்பு கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குத் தூக்கம்தான் வந்தது. உணவால் நேர்ந்த வயிற்றுக் கோளாறு பற்றி ஒருவர் கேட்கிறார், மின்கட்டணம் ஏன் ஏறியது என்று இன்னொருவர், பேருந்துக் கட்டணம் பற்றி மற்றொருவர். அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார், உட்காருகிறார். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடியபோதுதான் தாமஸ் வேக்லி அகப்பட்டார். மருத்துவம் படிக்க ஆசைப்படுவோருக்கு அவர் உருவாக்கிய இதழைத் தெரிந்திருக்கும். 'லான்செட்' இன்றும் வருகிறது. அதைத் தொடங்கியவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

1795இல் இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் மெம்பரி என்ற கிராமத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மருந்து கலக்குபவரிடம் வேலை பழகினார், லண்டன் மருத்துவமனைகளில் படித்தார், 1817இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். நல்ல உடற்கட்டு உள்ளவர், குத்துச்சண்டையில் கெட்டிக்காரர். 1820இல் வசதியான வணிகர் ஒருவரின் மகளை மணந்து, லண்டனின் பகட்டான பகுதியில் வீடு பார்த்து மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். கதை அங்கேயே முடிந்திருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அதே ஆண்டு மே மாதம், அமைச்சரவையையே கொல்லச் சதி செய்ததாக ஐந்து பேரை லண்டனில் தூக்கிலிட்டார்கள். பிறகு அவர்களின் தலையை முகமூடி அணிந்த ஒருவர் துண்டித்தார். வெட்டிய விதத்தைப் பார்த்தால் அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு. அது வேக்லிதான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாத இரவொன்றில் ஒரு கும்பல் அவர் வீட்டுக்கு வந்து அவரைத் தாக்கி, வீட்டுக்கும் தீ வைத்துவிட்டுப் போனது. காப்புறுதி நிறுவனமோ, பணத்துக்காக அவரே கொளுத்தியிருப்பார் என்று சொல்லி இழப்பீடு தர மறுத்தது. அவர் வழக்குப் போட்டு வென்றார். பணம் வந்தது. ஆனால் தொழிலும் நிம்மதியும் போய்விட்டன. ஆதாரமில்லாத ஒரு வதந்தி ஒரு மனிதனை எப்படி வீதியில் நிறுத்தும் என்பதை இருபத்தைந்து வயதிலேயே பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1823 அக்டோபரில் லான்செட்டின் முதல் இதழ் வந்தது. லான்செட் என்றால் அறுவை மருத்துவர் கையாளும் சிறு கத்தி. பேருக்கேற்ற இதழ்தான். பெரிய மருத்துவமனைகளில் பதவிகள் மாமன் மச்சான் என்று உறவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. விரிவுரை கேட்க மாணவர்கள் பெருந்தொகை கட்ட வேண்டும். வேக்லி அந்த விரிவுரைகளை அப்படியே அச்சிட்டு விற்றார். நம் மொழியில் சொன்னால், கட்டண வகுப்பின் குறிப்புகளை ஊருக்கே பகிர்ந்துவிட்டார். பேராசிரியர் ஒருவர் தடை கேட்டு நீதிமன்றம் போனார். 1828இல் இன்னொரு வழக்கு. புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரின் அண்ணன் மகன், சில நிமிடங்களில் முடிய வேண்டிய கல்லடைப்பு அறுவையை ஏறக்குறைய ஒரு மணி நேரம் இழுத்தார். நோயாளி இறந்தார். அந்த இளைஞருக்கு மருத்துவமனைப் பதவி கிடைத்ததே உறவால்தான் என்று லான்செட் எழுதியது. அவர் 2,000 பவுண்டு இழப்பீடு கேட்டார். வேக்லி தோற்றார். ஆனால் நடுவர்கள் விதித்தது 100 பவுண்டுதான். அதையும் வாசகர்களே திரட்டிக் கட்டினார்கள்.

அவரை நான் மகானாக்க விரும்பவில்லை. அவர் எழுத்தில் வசை அதிகம். எதிராளியின் திறமையைக் குறைகூறுவதோடு நிற்காமல் ஆளையே கேலி செய்வார். இன்று சமூக ஊடகத்தில் இருந்திருந்தால் நாளுக்கொரு சண்டை இழுத்திருப்பார்.

இரண்டு தேர்தல்களில் தோற்றபின், 1835இல் லண்டனின் ஃபின்ஸ்பரி தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1852 வரை அங்கே இருந்தார். உறுப்பினர்களுக்கு அப்போது சம்பளம் கிடையாது. அவருடைய முதல் பெரிய பேச்சு, சங்கம் அமைக்க ஒன்றுகூடிச் சத்தியம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஆறு விவசாயத் தொழிலாளர்களுக்காக. மறு ஆண்டே அரசு அவர்களுக்கு மன்னிப்பு அளித்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1845 ஆகஸ்ட் 1ஆம் தேதி அவர் எழுப்பிய ஒரு கேள்வி.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேலையற்ற ஏழைகளுக்கு உதவி வேண்டுமென்றால் ஏழைகள் இல்லத்துக்குள் போய்விட வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்துவைப்பார்கள். வெளியே கூலி வேலை செய்யும் ஏழையின் நிலையைவிட உள்ளே இருப்பது மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் யாரும் சும்மா வரமாட்டார்கள் என்பது 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு. ஆண்டோவர் என்ற ஊரில் இருந்த இல்லத்தில் ஆண்களுக்குக் கொடுத்த வேலை, உரத்துக்காக எலும்பு இடிப்பது. அவர்களுக்குக் கிடைத்த உணவோ அளவுக்கும் குறைவு. பசி தாங்காமல், இடிக்கக் கொடுத்த எலும்புகளில் ஒட்டியிருந்த அழுகிய தசையையும் உள்ளிருந்த மச்சையையும் அவர்கள் தின்றார்கள். நல்ல எலும்புக்காகச் சண்டையும் நடந்தது. உள்ளூர் நிர்வாகக் குழுவில் ஒருவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் அவர் பேச்சு அங்கே எடுபடவில்லை.

இதைத்தான் வேக்லி உள்துறை அமைச்சரிடம் கேட்டார். நீண்ட சொற்பொழிவு ஆற்றவில்லை. இந்த ஊரில், இந்த இல்லத்தில், இன்னது நடக்கிறதா என்று கேட்டார். தம்மால் நம்ப முடியவில்லை, ஆனாலும் விசாரிப்பதாக அமைச்சர் சொன்னார். விசாரித்தபோது உண்மை என்று தெரிந்தது. ஏழைகள் இல்லங்களில் எலும்பு இடிக்கும் வேலைக்குத் தடை வந்தது. 1846இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழு அமைந்தது, மறு ஆண்டு ஏழைகள் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட வாரியம் ஒன்று வந்தது. பொதுவாக ஏழைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் அமைச்சர் பொதுவாகவே ஒரு பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஊர் பெயரோடு கேட்டதால் யாராவது ரயில் ஏறி அந்த ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் அவர் மேற்கு மிடில்செக்ஸ் வட்டாரத்தின் மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தார். அவர் நடத்திய விசாரணை ஒன்றில் எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். 1846இல் 150 கசையடி வாங்கிய ராணுவ வீரர் ஒருவர் இறந்தபோது, கசையடிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ராணுவ மருத்துவர்கள் சொன்னார்கள். வேக்லி வெளியிலிருந்து நிபுணரை வரவழைத்து உடலை மறுபடி ஆராயச் செய்தார். கசையடியால்தான் மரணம் என்ற முடிவு வந்தது. அதே ஆண்டு உச்சவரம்பு 50 அடியாகக் குறைக்கப்பட்டது.

இனி காப்பிக்கு வருகிறேன்.

1850 வாக்கில் லண்டனில் காப்பித்தூள் என்று விற்றதில் சிக்கரிக் கிழங்கு பரவலாகக் கலந்திருந்தது. அது விஷமல்ல. ஆனால் காப்பியைவிட மலிவு. காப்பி விலை கொடுத்தவர் கிழங்கை வாங்கிப்போனார். அரசுக்குக் காப்பி இறக்குமதி வரி வேறு நட்டம். காப்பியில் சிக்கரி கலந்திருந்தால் வேதியியலாலோ வேறு வழியாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அவரும் வேதியியலாளர்களைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அதோடு விவாதம் முடிந்துவிடும் அல்லவா? கண்டுபிடிக்கவே முடியாததற்கு யாரைத் தண்டிப்பது?

ஆர்தர் ஹில் ஹாசல் என்ற இளம் மருத்துவர் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வறுத்து அரைத்த பிறகும் காப்பிக்கொட்டையின் உயிரணுக்கள் ஒரு விதம், சிக்கரியின் உயிரணுக்கள் வேறு விதம். பார்த்த மாத்திரத்தில் தெரியும். நானும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அம்மாவின் தூளை ஒரு சிட்டிகை எடுத்துப்போய்ப் பார்த்தேன். காப்பியில் சிறு கற்களை அடுக்கியதுபோல் நெருங்கிய தடித்த சுவர்கள், சிக்கரியில் தளர்வான பெரிய அறைகளும் நீண்ட குழாய்களும். ஒருமுறை பார்த்துவிட்டால் கண் மறக்காது. நிதியமைச்சர் முடியாது என்று சொன்னது இதைத்தானா என்று சிரிப்பு வந்தது.

ஹாசலின் ஆய்வைப் பற்றி அறிந்ததும் வேக்லி அவரை அழைத்தார். 1851 ஜனவரி முதல் 1854 முடிய லான்செட்டில் தொடர் அறிக்கைகள் வெளிவந்தன. ஹாசலும் ஓர் ஓவியரும் மாலை வேளைகளில் கடைகடையாகப் போய்ச் சாமான் வாங்குவார்கள். எந்தக் கடை, என்ன விலை, எந்த நாள் என்பதைப் பொட்டலத்தின்மேல் உடனே எழுதிவைப்பார்கள். இப்படி 2,000க்கும் மேற்பட்ட மாதிரிகள். சோதித்த 34 காப்பித்தூள்களில் 31இல் சிக்கரி இருந்தது. ரொட்டி வெள்ளையாகத் தெரியப் படிகாரம் சேர்த்திருந்தார்கள். மிளகாய்த்தூளின் நிறத்துக்குச் சிவப்பு ஈயம். ஊறுகாயின் பச்சைக்குச் செம்பு உப்பு. பிள்ளைகள் சப்பும் மிட்டாயின் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த சாயங்கள். பால் என்றால் தண்ணீர்.

கலப்படத்தைப் பற்றி முன்பும் புத்தகம் வந்ததுண்டு. 1820லேயே ஃபிரெடரிக் அக்கும் என்ற வேதியியலாளர் எழுதி, அது நன்றாக விற்கவும் செய்தது. ஆனால் நூலகப் புத்தகங்களின் பக்கங்களைக் கிழித்ததாக அவர்மேல் குற்றச்சாட்டு வர, அவர் நாட்டைவிட்டே போய்விட்டார். விஷயமும் அமுங்கிப்போனது. லான்செட் அறிக்கைகள் அப்படி அமுங்கவில்லை. ஏனென்றால் வேக்லி ஒரு நிபந்தனை வைத்தார். கடைக்காரரின் பெயரும் முகவரியும் அச்சாக வேண்டும். வழக்கு வந்தால் பொறுப்பு லான்செட்டுடையது. சுத்தமான பொருள் விற்றவரின் பெயரும் அதே பட்டியலில் வரும். வழக்குகள் மழையாகக் கொட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நுண்ணோக்கிப் படம் அச்சில் இருக்கும்போது எந்தக் கடைக்காரர் நீதிமன்றம் போவார்?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். என் அம்மா உணவங்காடி நிலையம் ஒன்றில் தோசைக்கடை வைத்திருக்கிறார். நான் உயர்நிலை மூன்றில் இருந்தபோது, எங்கள் கடைச் சட்னியைச் சாப்பிட்டுக் குடும்பமே படுத்துவிட்டது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. கடை எண், அம்மாவின் பெயர் எல்லாம் இருந்தன. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. பரிசோதனைக்கு வந்தவர்கள் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி மட்டும் எந்தக் குழுவிலும் சுற்றவில்லை. மூன்று மாதம் மாவு மிஞ்சியது. இரவில் அதை அம்மா கழுவி ஊற்றும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆகவே பெயரைப் போடு என்பதைப் படித்தவுடன் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. வேக்லி குறிப்பிட்ட கடைக்காரர்களில் பலர் சிறு வியாபாரிகள். சிலர் தாங்களே கலந்தார்கள். சிலரோ மொத்த வியாபாரியிடமிருந்து வந்த சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் விற்றவர்கள். பட்டியலில் இருவரும் ஒன்றுதான். இதை அவருடைய குறை என்றே நினைக்கிறேன். ஆனால் அம்மாவைப் பற்றி வந்த செய்திக்கும் லான்செட் அறிக்கைக்கும் உள்ள தூரத்தையும் நான் பார்க்கிறேன். அங்கே மாதிரி இருந்தது, தேதி இருந்தது, யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனை இருந்தது, வெளியிட்ட இதழின் பெயர் இருந்தது, பொய்யென்றால் அதை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. நல்ல கடையின் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. வதந்தியால் வீட்டை இழந்த மனிதர் உருவாக்கிய பட்டியல் அது. தற்செயலாக அப்படி அமைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1852இல் வேக்லி நாடாளுமன்றத்திலிருந்து விலகிவிட்டார். உடல் தளர்ந்திருந்தது. ஆனால் அறிக்கைகள் அவருக்குப் பதிலாக உள்ளே போயின. 1855இல் பர்மிங்ஹம் உறுப்பினர் வில்லியம் ஸ்கோல்ஃபீல்டின் தலைமையில் தெரிவுக்குழு அமைந்து, ஹாசலையும் வேறு பலரையும் அழைத்து விசாரித்தது. கலப்படம் பரவலாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. சட்டம் மட்டும் வரவில்லை. வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது, வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் அவையில் ஏராளம்.

1858இல் பிராட்ஃபர்டு நகரச் சந்தையில் விற்ற மிட்டாயைத் தின்று சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேர் அளவில் நோயுற்றார்கள். மிட்டாய் செய்தவர் சர்க்கரைச் செலவைக் குறைக்க ஜிப்சம் போன்ற மலிவான வெள்ளைப் பொடியைக் கலப்பது வழக்கம். அன்று மருந்துக்கடை உதவியாளர் தவறான பீப்பாயிலிருந்து அள்ளிக்கொடுத்தது ஆர்செனிக். விற்றவருக்கு எதுவும் தெரியாது. செய்தவருக்கும் தெரியாது. கடைசியில் யாருமே தண்டிக்கப்படவில்லை. சர்க்கரை என்று சொல்லி வெள்ளைப் பொடியைக் கலப்பது குற்றம் என்று சொல்ல அன்று உருப்படியான சட்டம் இல்லை.

1860இல்தான் முதல் பொதுச் சட்டம் வந்தது. அதுவும் அரைகுறை. உணவைச் சோதிக்க நிபுணரை நியமிக்கலாம் என்றது, நியமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான ஊர்கள் நியமிக்கவில்லை. வேக்லி பார்த்தது அதுவரைதான். காசநோயோடு வெப்பமான காற்றைத் தேடி மடெய்ரா தீவுக்குப் போனவர் 1862 மே மாதம் அங்கேயே இறந்தார். 1872லும் 1875லும் வந்த சட்டங்கள்தான் பல் உள்ளவை. வாங்குபவர் கேட்ட பொருளின் தன்மையிலும் தரத்திலும் இல்லாததை விற்பது குற்றம் என்ற கருத்து 1875இல் உறுதிப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடங்களுக்கும் அந்தச் சிந்தனை பரவியது. நம் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புக்கான புதிய சட்டத்தை 2025 ஜனவரியில் நிறைவேற்றிய விவாதத்தை ஒப்படைப்புக்காகப் பார்த்தபோது, முன்புபோல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒப்படைப்பைச் சமர்ப்பித்த அன்று மாலை, அம்மாவிடம் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் காட்டி, இதில் எவ்வளவு சிக்கரி இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடாமலேயே சரியான எண்ணைச் சொன்னார். சிக்கரி இல்லாவிட்டால் டிகாஷனுக்கு அந்தக் கெட்டி வராது, பல வருடமாகப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன், நீதான் படித்ததில்லை என்றார். பிறகு நாளைக்கு வேண்டிய உளுந்தை ஊறவைக்கப் போய்விட்டார்.